தாய்ப்பால் வகுப்பில் பால் பவுடரைப் பற்றிப் பேசலாமா?

மகப்பேற்றுக்கு முன் கர்ப்பிணியருக்கு நடத்தப்படும் தாய்ப்பால் வகுப்புகளில் ஒரு கேள்வி மட்டும் வகுப்பு நடக்கும்போது எழுவதில்லை. எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடும் வேளையில், ஒரு தாயோ அவரை அழைத்து வந்த அம்மாவோ சற்றுத் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்தி, "ஒருவேளை பால் வரலைன்னா என்ன பண்றது டாக்டர்? பவுடர் பால் குடுக்கலாமா?" என்று கேட்பார். ஒரு குழந்தை எதைக் குடித்து வளரும் என்பதைப் பற்றிய கேள்வி ஏன் இரகசியம்போல் கேட்கப்பட வேண்டும்? குழந்தை மருத்துவன் என்ற முறையில் இதைப் பற்றிய என் கருத்தை இந்த இதழின் வாசகர்களிடம் வெளிப்படையாகவே வைக்கிறேன்.

தாய்ப்பாலின் மேன்மையைப் பற்றி எனக்கு ஐயமேதும் இல்லை. வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல், செவித்தொற்று ஆகியவற்றிலிருந்து அது தரும் காப்பை எந்தப் பெட்டியிலும் அடைத்து விற்க முடியாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டா. இதைத்தான் வகுப்பில் சொல்கிறோம். குழந்தையை மார்பில் பொருத்தும் முறை, பிறந்த முதல் ஒரு மணி நேரத்தின் அருமை, சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிடக் கூடாது என்பது ஆகியவற்றையும் விளக்குகிறோம். இவற்றில் ஒரு சொல்லையும் குறைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் பால் பவுடர் என்ற சொல்லே அறைக்குள் நுழையக் கூடாது என்று பல இடங்களில் காக்கப்படும் மௌனம் குழந்தைகளுக்கு நன்மை செய்கிறதா என்பதே என் கேள்வி.

இந்த மௌனத்துக்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. 1939இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், அவ்வூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். குழந்தைகளுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட இனிப்பூட்டிய டப்பாப் பாலைக் குடித்துக் குழந்தைகள் மடிவதைக் கண்ட கோபம் அந்தத் தலைப்பில் இருந்தது. பின்னர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் செவிலியர்போல் வெள்ளை உடுத்திய விற்பனைப் பெண்கள் பிரசவ அறைகளுக்கே சென்று மாதிரி டப்பாக்களைக் கொடுத்தனர். அந்த இலவச டப்பா தீர்வதற்குள் தாயின் பால் வற்றிவிடும். அடுத்த டப்பாவை விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். இதற்கு முடிவுகட்டவே 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனை நெறிமுறையை ஏற்றது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே.

நம் நாடாளுமன்றம் 1992இல் மாற்றுப்பால், பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. 1993 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, பெட்டியின்மேல் குழந்தையின் படம் கூடாது, மருத்துவருக்கோ செவிலியருக்கோ நிறுவனங்கள் பரிசு அளிக்கக் கூடாது. உலகின் கடுமையான சட்டங்களுள் ஒன்று இது. நல்ல சட்டமும்கூட.

இச்சட்டம் மருத்துவமனைகள் மாற்றுப்பாலைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று சொல்வதாகச் சிலர் எண்ணுகின்றனர். சட்டத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. கர்ப்பிணியருக்கும் தாய்மாருக்குமான எந்தக் கல்விப் பொருளும் தாய்ப்பாலின் மேன்மையைக் கூறுவதோடு, புட்டிப்பாலை இடையில் புகுத்தினால் தாய்ப்பால் எவ்வாறு குறையும், மீண்டும் தாய்ப்பாலுக்குத் திரும்புவது எவ்வளவு கடினம், மாற்றுப்பாலுக்கு ஆகும் செலவு என்ன, தவறாகப் பயன்படுத்தினால் வரும் கேடுகள் எவை என்பவற்றையும் தெளிவாகக் கூற வேண்டும் என்று அதன் ஏழாம் பிரிவு கட்டளையிடுகிறது. மாற்றுப்பால் ஊட்டும் முறையைத் தாய்க்கோ குடும்பத்தாருக்கோ சுகாதாரப் பணியாளர் தவிர வேறு எவரும் செய்துகாட்டக் கூடாது என்றும், காட்டுபவர் அதன் தீங்குகளையும் விளக்கியாக வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் விலக்குவது விற்பனையை. அறிவுறுத்தும் பொறுப்பை அது நம்மிடமே ஒப்படைத்திருக்கிறது.

நாம் பேசாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. மருந்துக்கடைக்காரர் பேசுகிறார். பக்கத்து வீட்டு அக்கா பேசுகிறார். கைப்பேசி ஓயாமல் பேசுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர் ஏறத்தாழ 55 சதவீதம். எஞ்சிய குழந்தைகளுக்குத் தண்ணீரோ, பசும்பாலோ, பவுடர் பாலோ, வேறு உணவோ போய்ச் சேர்ந்திருக்கிறது. மருத்துவமனையில் பிறக்காத குழந்தை அரிதாகிவிட்ட மாநிலம் இது. அதே கணக்கெடுப்பில் நம் மாநிலப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 60 சதவீதத்துக்கும் மேல். அறுவைக்குப் பின் பால் சுரப்பது ஓரிரு நாள் தாமதமாவது இயல்பு. ஆக, நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் தாய்மாருள் பலர் வகுப்பில் பேசப்படாத ஒரு சூழ்நிலையை அடுத்த சில வாரங்களிலேயே சந்திக்கப் போகிறவர்கள்.

அந்தச் சூழ்நிலையின் விளைவாக எங்களிடம் வரும் குழந்தைகள் பெரும்பாலும் இரு வகையினர்.

முதல் வகை, பிறந்த நான்காம் ஐந்தாம் நாளில் வரும் குழந்தை. "ரொம்ப சமத்து, அழுறதே இல்ல, தூங்கிட்டே இருக்கு" என்பார் பாட்டி. எடை பார்த்தால் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். சிறுநீர் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோதான், துணியில் செங்கல் நிறக் கறை, உடலில் மஞ்சள், கோடையானால் காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். இரத்தத்தில் உப்பின் அளவு ஏறியிருக்கும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று கற்ற தாய் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருப்பார். மார்பில் வைத்திருப்பார்; குழந்தைக்குப் பால் சென்று சேர்ந்ததா என்று பார்க்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சில நாள் துணைப்பால் தேவைப்படும் குழந்தையும் உண்டு என்பதை அவரிடம் சொன்னவரும் இல்லை. கேட்டால் தோற்றுவிட்டதாகும் என்று அஞ்சி அவரும் கேட்கவில்லை.

இரண்டாம் வகை, இரண்டு மூன்று மாதங்களில் வரும் குழந்தை. எடை ஏறாது, சிலவேளை வலிப்போடு வரும். விசாரித்தால் பவுடரைப் பாதியாகக் குறைத்துக் கலந்திருப்பார்கள். பெட்டி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்ற எண்ணம் மற்றொன்று. நீர் மிகுந்த பால் குழந்தையின் இரத்தத்தில் உப்பைக் குறைத்துவிடும். அதனால் வலிப்பு வரும். இதற்கு நேர்மாறாக, "புஷ்டியா இருக்கட்டும்" என்று குவித்து அளந்த கரண்டியால் உப்பேறி வரும் குழந்தையும் உண்டு. பவுடரும் வேண்டாமென்று பாக்கெட் பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுப்போரும் இருக்கின்றனர். ஒரு வயதுக்குள் பசும்பாலே முதன்மை உணவானால் இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வரும்.

பெட்டி சீக்கிரம் தீரும் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் பால் தேவை. சரியான அளவில் கலந்தால் அதற்கு 100 கிராம் பவுடர் செலவாகும். 400 கிராம் பெட்டி நான்கு நாளைக்கு வரும். மாதத்துக்கு ஏழெட்டுப் பெட்டிகள். பெட்டியின் மேலுள்ள விலையை எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் பேறுகாலத்துக்கு முன்பே ஒரு குடும்பம் அறிந்திருந்தால், முதல் வாரத்தில் அவசரப்பட்டுப் பெட்டியை வாங்காது. வாங்க வேண்டிய கட்டாயம் நேர்ந்தாலும் பாதியளவில் கலக்காது. தாய்ப்பாலுக்கு ஆதரவாக இதைவிட வலுவான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பால் பவுடரைப் பற்றிப் பேசாமல் இப்பாடத்தை நடத்த வழியில்லை.

ஆகவே, பேச வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் எதை, எங்கே என்பதில் எனக்குத் திட்டமான எல்லை உண்டு. வகுப்பின் நடுவே மேசைமேல் டப்பாவையும் புட்டியையும் வைத்து, இருபது கர்ப்பிணியருக்குக் கலக்கும் முறையைச் செய்துகாட்டுவதை நான் ஏற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டமும் கர்ப்பிணியருக்குக் கூட்டமாக இதைக் கற்பிப்பதை ஏற்பதில்லை. அதில் பொருள் இருக்கிறது. முதற்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்குத் தன் உடலின்மேல் நம்பிக்கை ஊசலாடும் மாதம் அது. ஒரு மணி நேரம் கேட்ட பேச்சு மறந்துபோகும். கண்ணால் கண்ட டப்பா நினைவில் நிற்கும். மேலும், எட்டாம் மாதத்தில் பார்த்த அளவுக் கணக்கு, பிள்ளை பெற்ற களைப்பில் நள்ளிரவு இரண்டு மணிக்கு யாருக்கு நினைவிருக்கும்? கலக்கும் முறை, தேவை நேர்ந்த பின், தேவைப்பட்ட தாய்க்கும் அவர் வீட்டில் கலக்கப்போகிறவருக்கும், கட்டிலருகே தனியாகக் கற்பிக்க வேண்டியது. அவர்களே ஒருமுறை எங்கள் கண்முன் கலந்துகாட்டிய பின்னரே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

வகுப்பில் பேச வேண்டியது வேறு. முதலாவதாக, பால் போதுமா என்பதை அறியும் வழி. பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு; பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிட வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர்நிறச் சிறுநீர் கழிக்க வேண்டும். இவை சரியாக இருந்தால், குழந்தை அடிக்கடி அழுவதையோ மார்பு மெத்தென்று இருப்பதையோ வைத்து "பால் பத்தலை" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டா. பால் போதவில்லை என்று வரும் தாய்மாருள் பெரும்பாலோருக்குப் பால் போதுமானதாகவே இருக்கிறது; எடைத்தட்டு அதைக் காட்டிவிடும். பொருத்தும் முறையில் சிறு திருத்தம் தேவைப்படும், அவ்வளவே.

மற்றவர்களைப் பற்றியும் பேச வேண்டும். எடை மிகக் குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்த குழந்தை, சர்க்கரை இறங்கும் குழந்தை, பிரசவத்தில் பெருமளவு இரத்தம் இழந்த தாய், மார்பில் அறுவை செய்துகொண்ட தாய், புற்றுநோய் மருந்து எடுக்கும் தாய், எவ்வளவு முயன்றும் சுரப்பி வளர்ச்சியே குறைந்த தாய்: இவர்கள் சிலரே ஆயினும் கற்பனை மாந்தர் அல்லர். தாயை இழந்த குழந்தையும் தத்தெடுக்கப்பட்ட குழந்தையும் உண்டு. துணைப்பால் தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் முதலில் தாயின் பாலையே பீய்ச்சிக் கொடுப்போம். அது போதாவிட்டால், கிடைக்குமிடத்தில், தாய்ப்பால் வங்கியின் கொடைப்பால். அதன் பின்னரே பவுடர். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. நம் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் இன்று ஒரு வங்கி இயங்குகிறது.

எந்தப் பாலானாலும் புட்டியில் வேண்டா. நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையும் சங்கும் போதும். இந்தியாவெங்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பாலாடை புழங்குகிறது. ஆங்கில மருத்துவ நூல்களிலும் அது 'பாலாடை' என்ற தமிழ்ப் பெயராலேயே வழங்குகிறது என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்வது எளிது. ரப்பர்க் காம்பில் ஒளிந்துகொள்ளும் அழுக்கு அதில் இல்லை. குழந்தைக்கு மார்பா காம்பா என்ற குழப்பமும் வராது. வீட்டில் பாலாடை இருந்தால் எடுத்துத் துலக்கி வையுங்கள். அத்துடன் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, தெருவில் கொண்டுவந்து விற்கும் கழுதைப்பாலைச் சங்கில் புகட்டுவது ஆகியவற்றை மட்டும் பாட்டிமார் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலைக்குச் செல்லும் தாய்மாரை இந்த விவாதம் எளிதில் மறந்துவிடுகிறது. மகப்பேற்றுப் பயன் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பைக் கொண்டுவந்தது. துரைப்பாக்கத்து மென்பொருள் நிறுவனப் பணியாளருக்கு அது பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையில் நிற்பவருக்கும், மடிப்பாக்கத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்குபவருக்கும் அது இல்லை. அவர் மூன்றாம் மாதத்தில் வேலைக்குத் திரும்பத்தான் வேண்டும். பாலைப் பீய்ச்சி மூடிய பாத்திரத்தில் வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்குள்ளும், குளிர்ப்பெட்டியில் 24 மணி நேரத்துக்குள்ளும் கொடுத்துவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதுவும் இயலாத பொழுதுக்குச் சரியாகக் கலந்த பவுடர் பால், தண்ணீர் விட்ட பாக்கெட் பாலைவிட மேல் என்பதையும் அவரிடம் மறைக்கலாகாது.

ஏற்கெனவே பவுடர் கொடுத்துவரும் வீடுகளுக்கு ஒரு சொல். பவுடர் கிருமியற்ற பொருள் அன்று. மூடியைத் திறக்கும் முன்பே அதில் கிருமி இருக்கக்கூடும். கேன் தண்ணீர் தூய்மையானதாயிற்றே என்று அப்படியே கலக்க வேண்டா. எந்த நீரானாலும் கொதிக்கவைத்து, அரைமணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே கலந்து, பின் ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் சூடுதான் பவுடரிலுள்ள கிருமியைக் கொல்கிறது. நீரை முதலில் அளந்து, பிறகு அந்தப் பெட்டியிலுள்ள கரண்டியாலேயே தலைதட்டி அளந்த பவுடரைச் சேர்க்க வேண்டும். ஒரு பெட்டியின் கரண்டி மற்றொன்றுக்கு உதவாது. கலந்து இரண்டு மணி நேரம் கடந்ததையும் குழந்தை குடித்து மீந்ததையும் கொட்டிவிட வேண்டும். இவ்வளவையும் நாளுக்கு எட்டு முறை செய்ய வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பகுதி கிடந்த கிடையை எவரும் மறந்திருக்க மாட்டோம். கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சேரும் பாதையில் குடியிருப்பவர்கள் நாம். நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நகரெங்கும் பாக்கெட் பாலுக்குத் தட்டுப்பாடு. அத்தகைய நாளில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. பவுடர் குடிக்கும் குழந்தையின் வீட்டிலோ கொதிநீர், எரிவாயு, இருப்புப் பெட்டி ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழந்தையை எதிர்பார்க்கும் குடும்பங்களுக்கு இதை வகுப்பிலேயே சொல்ல வேண்டும் என்பேன்.

மதிப்பிற்குரிய மூத்த மருத்துவர் சிலர், "கதவைச் சற்றுத் திறந்தாலும் நிறுவனங்கள் உள்ளே நுழைந்துவிடும்" என்கின்றனர். அவர்கள் கண்ட காலம் அப்படி. அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாய்க்கு நிறுவனங்களின் பரிசுப் பை கொடுத்த நாடுகளில் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுவது குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே வகுப்பில் பெயர் சொல்லக் கூடாது, பெட்டி கூடாது, படம் கூடாது. இக்கட்டுரையிலும் எந்தப் பெயரும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பவுடர் பாலைப் பற்றி எண்ணும் பெற்றோருடனும் அது தேவைப்படும் பெற்றோருடனும் பேற்றுக்கு முன்பும் பின்பும் மருத்துவப் பணியாளர் உரையாட வேண்டும் என்கிறது. அவர்களுடைய குழாய்நீரும் சமையலறையும் நம்முடையவை அல்ல. கேட்பவருக்கு விடை சொல்ல வேண்டும் என்ற நெறி நமக்கும் பொருந்தும்.

தாய்ப்பால் கொடுப்பதில்லை என்று தாமே முடிவுசெய்து வரும் தாய்மாரும் உள்ளனர். அவர்களிடம் காரணத்தை ஒருமுறை பரிவோடு கேட்பேன். நன்மை தீமைகளைச் சொல்வேன். முடிவு மாறவில்லையென்றால் பாதுகாப்பாகக் கலக்கக் கற்றுக்கொடுப்பேன். அவர்களை விசாரணைக் கூண்டில் நிறுத்துவது மருத்துவர் வேலை அன்று. நிறுத்தினால் அடுத்த தடுப்பூசிக்கு அவர்கள் வேறிடம் போய்விடுவார்கள். குழந்தையின் எடை குறைவது என் கண்ணில் படாது.

வகுப்புக்கு வரும்போது, பேற்றுக்குப் பின் உங்களோடு இருக்கப்போகிறவரையும் அழைத்து வாருங்கள். அம்மாவோ, மாமியாரோ, கணவரோ எவராயினும் சரி. இரவு இரண்டு மணிக்கு முடிவெடுக்கப்போகிறவர் பெரும்பாலும் அவர்தாம். கேள்வியை வகுப்பின் நடுவிலேயே உரக்கக் கேளுங்கள். மருத்துவமனையில் உங்கள் குழந்தைக்குத் துணைப்பால் எழுதிக்கொடுத்தால், மற்ற மருந்துகளைப்போலவே அதற்கும் எவ்வளவு, நாளுக்கு எத்தனை முறை, எந்த நாள்வரை என்று சீட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் வைத்த பின்னரே அதைக் கொடுக்க வேண்டும். மறுபடி எடை பார்க்க வர வேண்டிய தேதி அந்தச் சீட்டில் இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.